பெட்டிக்குள் நுழையாத கார்டு

குஷாய்குடா, ஹைதராபாத்
16 ஜூன் 2011, வியாழக்கிழமை

சௌபாக்கியவதி ஹம்ஸினிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் க்ஷேமம். அங்கே நீயும் மாப்பிள்ளை நிகிலும் உன் வயிற்றில் இருக்கும் சிசுவும் க்ஷேமமாக இருக்க வேண்டும். இங்கே க்ஷேமம் என்று எழுதியதில் பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறட்டும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து காத்திருந்தேன், ஆறவில்லை. காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். டெலிபோனில் பேசினால் அம்மா காதில் விழும், நம் வீட்டுச் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே கதவு கிடையாது என்பது உனக்குத் தெரியும். மெயிலில் தமிழ் அடிக்க எனக்கு வராது, இங்கிலீஷில் எழுதினால் முப்பத்தொரு வருஷம் பத்திரிகைக்கு எழுதிய இங்கிலீஷ்தான் வரும், அதில் கோபப்பட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை அனுப்பிய கம்ப்யூட்டர் கார்டைத் திருப்பி எடுத்துப் போக அவருடைய ஆபீஸ் நண்பர் கணேஷ்குமார் இன்று சாயங்காலம் வருகிறார், நாளைக் காலை விமானம். அந்தக் கார்டின் பெட்டிக்குள்ளேயே இந்தக் கடிதத்தை வைத்து ஒட்டிவிடப் போகிறேன். சனிக்கிழமை காலை உன் கைக்கு வந்துவிடும். உங்கள் சனிக்கிழமை சாயங்காலம், அதாவது எங்கள் ஞாயிறு காலை, எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு.

செவ்வாய்க்கிழமை காலை உன் மெயில் வந்தது. அம்மாவுக்கு மெயிலை நான்தான் படித்துக் காட்டுகிறேன், ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அன்றைக்கும் வழக்கம்போல என்ன இருக்கிறது என்று பார்க்காமலே உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மாவுக்கு இதில் ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை, கட்டாயத்துக்காக அவ்வளவு தூரம் விமானத்தில் வந்து கஷ்டப்பட வேண்டாம், நிகிலின் அம்மா தானாகவே வருகிறேன் என்கிறார், பிரசவத்துக்கு அவரே இருக்கட்டும், ஜூலை இருபத்தெட்டாம் தேதி டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். இவ்வளவுதான், ஆறு வரி. இரண்டாவது வரியிலேயே நிறுத்தப் பார்த்தேன், ஆனால் பாதியில் நிறுத்தினால் மீதி என்ன என்று கேட்பாள், நிறுத்தாமல் படித்தால் தெரிந்துவிடும். படித்து முடித்தேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்குவதை நிறுத்தவில்லை. கிரிஜா மாமி நன்னாப் பாத்துப்பா, நாலு பேரைப் பெத்தவ என்றாள். அப்புறம் பிரசவ லேகியத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த சுக்கு, திப்பிலி, அரிசித்திப்பிலி எல்லாவற்றையும் தனித்தனியாக முகர்ந்து பார்த்து, பொட்டலம் கட்டி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, இதையும் கிரிஜா மாமிகிட்ட குடுத்தனுப்பலாமா, அவாத்துல பழக்கம் உண்டோ என்னமோ என்றாள். சம்பந்தி அம்மாள் நல்லவர். அவர் வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ எழுதிய காரணத்தில்தான் எனக்குக் கோபம். ஆர்வம் இல்லையாம். எங்கள் பீரோவின் இரண்டாவது தட்டில் குழந்தைக்கென்று பதினாலு துணி இருக்கிறது ஹம்ஸினி, என் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து நாலு பக்கமும் கையால் ஓரம் அடித்தது. ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு என்னிடம் கொடுத்து, தையல் நேரா இருக்கா பாருங்கோ என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் போர்டு பரிசோதனை செய்தவள், ஒரு ஈயப் பொட்டு அரை மயிரிழை தள்ளியிருந்தால் போர்டைத் திருப்பி அனுப்பியவள், என்னிடம் வந்து தையல் நேராக இருக்கிறதா என்று கேட்டாள். நேராக இல்லை. நேராக இருக்கிறது என்றேன்.

இனி அந்தக் கார்டுக்கு வருகிறேன். ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் கரண்ட் நாலைந்து தரம் போய்ப் போய் வந்ததில், டிவிக்குக் கீழே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் படம் காட்டுவதை நிறுத்திவிட்டது. கல்யாணத்துக்கு மறு வருஷம் நீங்கள் இங்கே வந்தபோது மாப்பிள்ளை நாலு நாள் உட்கார்ந்து பொருத்திக் கொடுத்தது. இரண்டு டெலிபோன் டைரக்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் மொத்தப் பெட்டி. கேபிள், உங்கள் போட்டோக்கள், ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசுவது, எல்லாமே அதன் வழியாக நாற்பது அங்குல டிவியில் தெரியும்படி செய்துவிட்டுப் போனார். நல்ல காரியம், அதை நான் மறக்கவில்லை. ரிப்பேருக்கு வந்தவர் திறந்து பார்த்துவிட்டு, மதர்போர்டில் படம் காட்டும் பகுதி மட்டும் போய்விட்டது, மற்றதெல்லாம் ஓடுகிறது, காலியாக இருக்கும் ஸ்லாட்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இந்தப் பெட்டிக்குக் குட்டைக் கார்டுதான் போகும், பார்த்து வாங்குங்கள் என்று சொன்னார். மே இரண்டாம் தேதி உனக்கு மெயில் எழுதினேன். இன்று அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத் திறப்பு எட்டு சென்டிமீட்டர் உயரம். உள்ளே ஹார்டு டிஸ்க் வரை பதினேழு சென்டிமீட்டர் நீளம். பக்கத்து ஸ்லாட்டில் டிவி ட்யூனர் இருப்பதால் ஒரு ஸ்லாட் கனத்துக்கு மேல் இடமில்லை. பவர் சப்ளை இருநூற்றிருபது வாட். டிவிக்குப் போக ஹெச்.டி.எம்.ஐ. வேண்டும். விசிறி இல்லாததாக இருந்தால் நல்லது, சத்தம் இருக்காது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனால் எழுத முடியாது.

பத்து நாள் கழித்துப் பதில் போட்டாய். நிகில் இதையே தொழிலாகச் செய்கிறவர் அப்பா, நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே கடையில் வாங்காதீர்கள், பழையதைத் துடைத்துப் புதிது என்று தலையில் கட்டிவிடுவார்கள், நாங்கள் நல்லதாக அனுப்புகிறோம் என்று. சரி என்று காத்திருந்தேன். ஜூன் ஐந்தாம் தேதி கணேஷ்குமார் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம், இரண்டு கிலோ மிட்டாய் டப்பா மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு விசிறி வைத்த கார்டு, இருபத்தேழு சென்டிமீட்டர் நீளம், இரண்டு ஸ்லாட் கனம், தனியாகப் பவர் ஒயர் வேறு கேட்கிறது, ஐந்நூறு வாட்டுக்குக் குறையக் கூடாது என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா அதைக் கையில் வாங்கி, ஓரத்தில் இருக்கும் தகட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாள். ஏன்னா, இது நுழையாது, பன்னெண்டு சென்டிமீட்டர் என்றாள். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு. அன்று சாயங்காலமே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அப்படியா மாமா, அப்போ பெட்டியை மாத்திட்டாப் போச்சு, பெரிய கேபினட்டும் பெரிய பவர் சப்ளையும் அங்கேயே கிடைக்குமே என்றார். சின்னப் பெட்டிக்குச் சின்னக் கார்டு கேட்டவனிடம், பெரிய கார்டுக்குப் பெரிய பெட்டி வாங்கிக்கொள் என்று சொல்கிறார், இதையே தொழிலாகச் செய்கிறவர். நான் எழுதிய அளவுகளைப் படித்தீர்களா மாப்பிள்ளை என்று கேட்டேன். ஹம்ஸினி சொன்னா மாமா, சின்னப் பெட்டின்னு சொன்னா, எந்த மாடல்னு சொல்லலை என்றார். அதாவது என் மெயிலை நீ அவருக்கு அனுப்பவே இல்லை. அப்பா ஒரு கார்டு கேட்கிறார் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறாய், அவர் இருப்பதிலேயே உசத்தியாக ஒன்றை வாங்கிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை, உன்னைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. அவ்வளவு என்ன அவசரம், சினிமா பாக்கணுமா அப்பாவுக்கு, டிசம்பர்ல நாங்க வரச்சே சரி பண்ணிக்கலாம், அதுவரைக்கும் லேப்டாப்ல பேசினா ஆகாதா என்று. சிரித்தாய். உன் சிரிப்புக்கு நான் கோபித்துக்கொண்டதே இல்லை. அன்று போனை வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு ஒரு விதமாகத் தெரியும், எனக்கு வேறு விதமாகத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் பேசினாய். சட்டென்று எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, பின்னால் போய்ப் பக்கவாட்டில் திரும்பி நின்றாய். இரண்டு கையும் வயிற்றுக்குக் கீழே. ஒன்றும் சொல்லாமல் நின்றாய். ஏழு மாதம், அம்மா பார்க்கட்டும் என்று நின்றாய், எனக்குப் புரிந்தது. அம்மா சொன்னது, எழுந்துட்டியே, கிளம்பிட்டியா, இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமேடி. நீ வந்து உட்கார்ந்து, அம்மா, நீ என்னைப் பாக்கவே இல்லை, எங்கேயோ பாத்துண்டிருக்கே, பக்கத்துல சீரியல் ஓடறதா என்று கேட்டாய். ஆமாண்டி, முக்கியமான கட்டம் என்று அம்மா சிரித்தாள். நீ நம்பிவிட்டாய். எங்கள் வீட்டு டிவி ஏப்ரல் இருபத்தொன்பதிலிருந்து இருட்டாக இருக்கிறது என்று உனக்கே நான் எழுதியிருக்கிறேன், உனக்கு நினைவு வரவில்லை. கேபிள் ஒயரை நேராக டிவியில் சொருகித் தருகிறேன் என்று கேபிள்காரர் இரண்டு தரம் கேட்டார், அவளைக் காட்டாத டிவி எதுக்கு என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டவள் உன் அம்மா.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை ஹம்ஸினி. இதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பிப்ரவரி மாதம் ஒரு நாள் காலையில், ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்கே, யார் வளைச்சா என்று கேட்டாள். போய்க் கையால் பிடித்துப் பார்த்தேன், நேராக இருந்தது. ஒரு வாரம் கழித்துக் காலண்டரில் தேதி மட்டும் அழிந்திருக்கிறது என்றாள், சுற்றி இருப்பதெல்லாம் தெரிகிறது, நடுவில் மட்டும் புகை மாதிரி. தார்நாகாவில் டாக்டர் அனுபமா என்று ஒரு கண் டாக்டர், அவரிடம் போனோம். இரண்டு விழித்திரைகளிலும் நடுப்பகுதி கெட்டிருக்கிறது, வலது கண்ணில் அதிகம், இடது கண்ணில் கொஞ்சம் குறைவு என்றார். மார்ச், ஏப்ரல், மே, மாதம் ஒன்றாகக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மேலும் மோசமாவது இப்போதைக்கு நின்றிருக்கிறது. போனது திரும்பாது. ஓரப் பார்வை நன்றாக இருக்கிறது, அது போகாது என்கிறார். அதனால் அம்மா எதையாவது பார்க்க வேண்டுமானால் நேராகப் பார்க்க மாட்டாள், கொஞ்சம் தள்ளிப் பார்ப்பாள், அப்போதுதான் நடுவில் இருக்கிற புகை விலகும். நீ சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்தாயே, அப்போது அவள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரில் கண்ணை வைத்து, உன்னைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் நீ ஒரு சாண் அளவு. அதில் அவளுக்குக் கிடைத்தது ஏதோ ஒன்று எழுந்து பின்னால் போன அசைவு மட்டும்தான். கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிக்கு மூன்றடி தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நாற்பது அங்குலத்தில் உன் முகம் ஒரு தாம்பாளம் அளவுக்கு வரும், புகைக்கு வெளியே பாதி முகமாவது மிஞ்சும். அதை வைத்துக்கொண்டுதான் மார்ச்சிலும் ஏப்ரலிலும் நீ இளைத்திருக்கிறாய், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். அந்த டிவிக்குத்தான் ஒரு குட்டைக் கார்டு கேட்டேன். சினிமா பார்க்க இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. டாக்டர் வீட்டிலிருந்து வந்த அன்றே அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். முழுகாம இருக்கறவகிட்ட இதெல்லாம் சொல்லப்படாது, மனசுல வெச்சுப்பா, குழந்தைக்கு ஆகாது. அப்புறம் இன்னொன்றும் சொன்னாள், சொன்னா என்னை வரவேண்டாம்னுடுவா. இரண்டாவதுதான் நிஜக் காரணம், முதலாவது எனக்காகச் சொன்னது. நான் சத்தியம் செய்துவிட்டேன். அதனால் என் கோபத்தில் எனக்கும் பங்கு வைத்திருக்கிறேன். பத்திரிகையில் புதிதாக வந்தவர்கள் எழுதிக் கொடுப்பதைத் திருத்தும்போது எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன், விபத்து நடந்த ரோட்டின் அகலத்தை எழுதியிருக்கிறாய், யாருக்கு அடிபட்டது என்று ஏன் எழுதவில்லை என்று. மே இரண்டாம் தேதி நான் உனக்கு அனுப்பியது அந்த மாதிரிதான். உயரம் எழுதினேன், நீளம் எழுதினேன், வாட் எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அதை மாப்பிள்ளைக்கு அனுப்பாமல் இருந்திருக்க மாட்டாய். ஆனாலும் சொல்கிறேன், காரணம் தெரிந்தால்தான் அப்பா எழுதியதைப் படிப்பேன் என்பது ஒரு நியாயம் இல்லை. இரண்டு பேர் தப்பும் சேர்ந்து ஆறு வாரம் அவள் உன்னைப் பார்க்கவில்லை, அந்த ஆறு வாரத்தில்தான் உன் வயிறு தெரிய ஆரம்பித்தது. இத்தனை நாள் கட்டிய பொய்யை இன்று உடைத்துவிட்டேன், சத்தியத்தை மீறிய பாவம் என்னோடு போகட்டும்.

உன் மெயிலைப் படித்த அன்றே, செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வெயிலில் பஸ் ஏறி சிகந்திராபாத் போனேன். கடையில் வாங்காதே என்று நீ சொன்னதை ஒரு மாதம் கேட்டது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். கிளம்பும்போது அம்மா ஒரு அட்டைத்துண்டைக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விரலை விட்டு அளந்து, அதே உயரம், அதே நீளத்துக்குக் கத்தரித்தது, மே மாதம் உனக்கு எழுதின அளவும் அப்படி அவள் விரலால் எடுத்ததுதான். கடைக்காரன் வாயை நம்பாதீங்கோ, இதும்மேல வெச்சுப் பாருங்கோ என்றாள். செனாய் ட்ரேட் சென்டரில் முதலில் போன இரண்டு கடைகளில் அட்டையைப் பார்த்ததும் சிரித்தார்கள். ஒருவன் டிவிதானே அங்கிள், எந்தக் கார்டா இருந்தா என்ன என்றான். மூன்றாவது, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு சின்னக் கடை, நூர் முகமது என்று ஒருவர், ஐம்பது வயசு இருக்கும். கையோடு கொண்டுபோயிருந்த மாப்பிள்ளையின் கார்டை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கைக்கு சாப் இத்தா படா, எதற்கு இவ்வளவு பெரிசு, ஆட்டுக் கொட்டகையில் எருமையைக் கட்டச் சொன்னது யார் என்று தக்கனி உருதுவில் கேட்டார். என் மருமகன் என்றேன். பெரிய மனசு உங்கள் மருமகனுக்கு என்றார். சிரிப்பு வந்துவிட்டது, ஒரு வாரத்தில் முதல் தடவை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எத்தனை அங்குல டிவி, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள், விளையாட்டு ஏதும் உண்டா, பெட்டி மூடிய அலமாரிக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த ஆறு வாரத்தில் என்னைக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒரு கார்டை எடுத்தார், வேண்டாமென்று வைத்தார், அதில் விசிறி இருக்கிறது, தூசி அடைத்து இரண்டு வருஷத்தில் கத்த ஆரம்பித்துவிடும், வோ நக்கோ என்றார். இன்னொன்று எடுத்தார், என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், விசிறி இல்லை, அலுமினியத் தகடுகள் மட்டும், தனிப் பவர் ஒயர் வேண்டாம். அதை அம்மாவின் அட்டைமேல் வைத்தார். ஒரு பக்கமும் வெளியே நீட்டவில்லை. ஓரத்தில் நெட்டைத் தகடு பொருத்தியிருந்தது, பெட்டிக்குள்ளேயே மாற்றிக்கொள்ள ஒரு குட்டைத் தகடும் கிடந்தது. இந்த அட்டையைக் கத்தரித்தது யார் என்று கேட்டார், என் மனைவி என்றேன். ஹவ், அப்படியா? பாபிஜியை இங்கே வேலைக்கு அனுப்புங்கள் சாப் என்றார்.

நேற்றுப் புதன்கிழமை காலை அம்மா அதைத் தானே போட்டாள். நான் டார்ச் பிடிக்கிறேன் என்றதற்கு, எனக்கு எதுக்கு டார்ச் என்றாள். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி நெட்டைத் தகட்டை எடுத்துவிட்டுக் குட்டைத் தகட்டைப் பொருத்தினாள், ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது, என் காலுக்குக் கிட்ட இருக்கும் பாருங்கோ என்றாள், இருந்தது. ஸ்லாட்டை விரலால் தேடி, கார்டை நிமிர்த்தி வைத்து, கட்டை விரலால் ஒரு அழுத்து. டக் என்று சத்தம் வந்தது. வந்தாச்சு, போடுங்கோ என்றாள். டிவியில் படம் வந்தது. மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன அந்த நீலப் பின்னணி, ஓரத்தில் பெரிய கடிகாரம். அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பதினொண்ணு இருபத்திரெண்டு என்றாள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபத்திரண்டுதான். அப்புறம், ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாளோ மாட்டாளோ என்றாள். என்னிடம் கேட்கவில்லை, கடிகாரத்திடம் கேட்ட மாதிரி இருந்தது. நீ இந்த மாதம் அனுப்பின போட்டோவைப் பெரிதாகப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நேரில பாத்துக்கறேன் என்றாள். டிவியில் பார்ப்பதை நேரில் என்கிறாள்.

டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை. நீ முடிவு செய்வதற்கு உனக்குத் தெரிய வேண்டியதை உள்ளபடி எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூன்றடிக்கு அப்பால் யார் முகமும் அவளுக்குத் தெரியாது, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். ரோட்டைத் தனியாகக் கடக்க நான் விடுவதில்லை. மருந்துச் சீட்டைப் படிக்க முடியாது, குழந்தைக்குச் சொட்டு மருந்து அளக்கிற வேலையை அவளிடம் கொடுக்கக் கூடாது, அதை நான் செய்வேன், நானும்தான் கூட வருகிறேன். சமையல் முன் போலவே, உப்பு ஒரு நாளும் தப்பவில்லை. எண்ணெய் தேய்ப்பது, கால் நீட்டி மேலே போட்டுக் குளிப்பாட்டுவது, தூளியில் போட்டு ஆட்டுவது, இதற்கெல்லாம் கண் வேண்டாம், கைதான் வேண்டும், அந்தக் கையைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். டாக்டர் அனுபமாவிடம் விமானப் பயணம் பற்றிக் கேட்டேன், ஜூலை முதல் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு போகலாம், தடையில்லை என்றார். மார்ச் மாதம் ஒரு நாள் நான் அம்மாவிடம் நேராகவே கேட்டேன், அங்கே போய்க் குழந்தையை எப்படிப் பார்ப்பாய் என்று. மடியில இருந்தா ஒரு சாண் தூரம், அந்த தூரத்துல எனக்குத் தெரியறது, அதுக்கு மேல தள்ளி வெச்சுண்டு கொஞ்சறதுக்கு அது என்ன காலண்டரா என்றாள். இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் சம்பந்தி அம்மாள்தான் வர வேண்டும் என்று நீ நினைத்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், டிக்கெட்டை அன்றே ரத்து செய்கிறேன். இரண்டு பேரும் வரட்டும் என்றால் அதுவும் நல்லது. ஆனால் தெரியாமல் எடுத்த முடிவை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆர்வம் இல்லை என்ற அந்த வார்த்தையை நீ எடுத்துக்கொள்ள வேண்டும், என்னிடம் இல்லை, அவளிடம்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. மழை இன்னும் பிடிக்கவில்லை, தினம் சாயங்காலம் மேகம் கூடிக் கலைகிறது. வாரத்துக்கு ஒரு பந்த், பால் மட்டும் தவறாமல் வருகிறது. நீ ரொம்ப நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்காதே, கால் வீங்கும். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே, இதை அம்மா மூன்று தரம் சொல்லச் சொன்னாள், ஒரு தரம் எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையிடம் நான் கோபமாக இல்லை என்று சொல், அவருடைய எருமையை ஒரு கீறலும் இல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கடைக்காரர் கொடுத்த பட்டம் அது, அவர் சிரிப்பார். சமையலறையிலிருந்து அம்மா இப்போது கேட்கிறாள், ஒரு மணி நேரமா அப்படி என்ன எழுதறேள் என்று. கார்டு ஏன் நுழையவில்லை என்று மாப்பிள்ளைக்கு விவரமாக எழுதுகிறேன் என்றேன். பாவம், ஆசையா அனுப்பிச்சார், கோவமா ஒண்ணும் எழுதிடாதீங்கோ என்கிறாள். இனிமேல் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் காத்திருப்போம். நாற்காலியை இப்போதே போட்டாகிவிட்டது. வெளிச்சம் உன் முன்னால் இருக்கட்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. உங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை, அதனால் வெளிர் நிறம் வேண்டாம், அந்த அரக்கு நிறக் குர்த்தாவைப் போட்டுக்கொள். கண்ணைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, அழாதே. வழக்கம்போலப் பேசு. பிறகு போன வாரம் மாதிரியே எழுந்து போய் நின்று காட்டு. மறந்துவிடாதே, திரும்பும்போது மட்டும் மெதுவாகத் திரும்பு, பக்கவாட்டில் கொஞ்ச நேரம் அசையாமல் நில். அவள் வேறு எங்கேயோ பார்ப்பது போல இருக்கும். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுகப் பிரசவமாக, தீர்க்காயுசாக, நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புள்ள அப்பா,
லக்ஷ்மிநாராயணன்